சத்தமில்லாமல் தவறிய இரவுக் கோப்பு: மட்டக்களப்பு விநியோக நிறுவனமொன்றில் தானியங்கி எஃப்டிபி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு மொத்த விநியோக நிறுவனத்தில் நடந்தது இது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இங்கே இல்லை. கொழும்பு உற்பத்தியாளர்கள் சிலரிடம் பொருள் எடுத்து, வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கடைகளுக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மூன்று இடங்களிலும் களஞ்சியம் உண்டு. நான் அவர்களுடைய கணினிப் பிரிவுக்கு வெளியிலிருந்து உதவி செய்பவன்.

பற்றுச்சீட்டு, இருப்பு, கணக்கு எல்லாம் ஐபிஎம்மின் நடுத்தர வணிகக் கணினி ஒன்றில் ஓடுகின்றன. இந்த வகை 1988இல் ஏஎஸ்400 என்ற பெயரில் வந்தது. 2000இல் ஐசீரிஸ், 2006இல் சிஸ்டம் ஐ, 2008 முதல் பவர் இயந்திரங்களில் ஓடும் ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. அலுவலகத்தில் இன்றைக்கும் அதன் பெயர் ஏஎஸ்400தான். ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நிரல்கள் கணினி மாறிய பிறகும் அப்படியே ஓடுகின்றன. இந்த இயந்திரத்தின் மேல் அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை உண்டு. அது நியாயமான நம்பிக்கைதான்.

ஒவ்வொரு இரவும் நாள் முடிவுக் கணக்கு ஓடிய பின், அன்றைய விற்பனையும் மூன்று களஞ்சியங்களின் இருப்பும் ஒரு கோப்பாகி கொழும்பிலுள்ள வழங்குநரின் சேர்வருக்குப் போகும். அடுத்த நாள் லொறியில் எதை எவ்வளவு ஏற்றுவது என்பதை அவர்களுடைய திட்டமிடல் பிரிவு அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. கொழும்பிலிருந்து கல்முனைக்கு லொறி வர ஓர் இரவு வேண்டும். பிழையான சாமான் ஏறிவிட்டால் திருத்த இன்னும் ஒரு சுற்று போகும்.

அமைதியாக ஓடச் செய்த விதம்

ஆரம்பத்தில் இது கையால் நடந்த வேலை. ஒபரேட்டராக இருக்கும் பெண் (அலுவலகத்தில் இளையவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா) நாள் முடிவு ஓடி முடியும்வரை காத்திருந்து, எஃப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் முறை) திரையைத் திறந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கோப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார். களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் பல. கடவுச்சொல்லைப் பக்கத்தில் நின்றவர்களுக்கு எதிரே தட்டவேண்டிய நிலையும் இருந்தது. இதைத் தானாக ஓடவைக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டதில் பிழையில்லை.

வெளி நிரலாளர் ஒருவர் அதைச் செய்துகொடுத்தார். இந்தக் கணினியில் அதற்கு நல்ல வழி உண்டு. எஃப்டிபி நிரல் வழக்கமாகக் கட்டளைகளைத் திரையிலிருந்து வாங்கி, பதில்களைத் திரையிலேயே காட்டும். ஆனால் இன்புட் என்ற பெயரிலும் அவுட்புட் என்ற பெயரிலும் இரண்டு கோப்புகளை ஓவர்ரைட் கட்டளையால் (வழமையானதற்குப் பதிலாக வேறொரு கோப்பைப் பயன்படுத்தச் சொல்வது) சுட்டிக்காட்டிவிட்டால், அது முதலாவதிலிருந்து கட்டளைகளை வரிவரியாக வாசித்து, பதில்களை இரண்டாவதில் எழுதும். இன்புட்டின் முதல் வரியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அடுத்தடுத்த வரிகளில் அடைவை மாற்று, கோப்பை அனுப்பு, வெளியேறு. திரை தேவையில்லை, ஆளும் தேவையில்லை. இதை இந்தக் கணினியின் கட்டளைமொழியான சிஎல்லில் எழுதிய ஒரு சிறிய நிரலில் வைத்து, ஜொப் (கணினி தானாக ஓட்டும் வேலை) அட்டவணையில் இரவு நேரம் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல வேலை. நீண்ட காலம் பிசகாமல் ஓடியது. ஆனால் அந்த நிரலில் மூன்று இடங்களில் அமைதி வைக்கப்பட்டிருந்தது. முதலாவது, பதில்கள் எல்லாம் அவுட்புட் கோப்புக்குப் போயின. ஒவ்வொரு இரவும் நிரல் தொடங்கும்போது அந்தக் கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். இரண்டாவது, எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் பொருட்படுத்தாமல் தொடரும்படி நிரலின் தலையிலேயே பொதுவாக ஒரு வரி போடப்பட்டிருந்தது. மூன்றாவது, ஜொப் ஒழுங்காக முடிந்தால் ஜொப் லொக் (என்ன நடந்தது என்ற குறிப்பு) உருவாகாது என்ற அமைப்பில் அது ஓடியது. கணினியுடன் வரும் வழமையான ஜொப் விவரணையே அப்படித்தான் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது: அச்சிடக் காத்திருக்கும் தேவையில்லாத ஸ்பூல் கோப்புகள் சேரக்கூடாது, நடு இரவில் கேள்வி கேட்டு ஜொப் தொங்கி நிற்கக்கூடாது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது, அந்த ஜொப் என்ன செய்தது என்று காலையில் யாருக்கும் தெரிய வழியில்லாமல் போனது.

கவனிக்கப்பட்டவை

தைப்பொங்கலுக்கு முந்திய நாட்கள். கடைகள் கூடுதலாகக் கேட்கும் காலம். கல்முனைக் களஞ்சியத்தில் பால்மா தீர்ந்துகொண்டே போனது. வந்த லொறிகளிலோ ஏற்கெனவே குவிந்துகிடந்த பிஸ்கட் பெட்டிகள்தான் இறங்கின. முதலில் எல்லோரும் கொழும்பில் தட்டுப்பாடு என்று நினைத்தார்கள். அப்படி நினைக்க இடமும் இருந்தது. நாட்டில் பால்மா தட்டுப்பாடு புதுக்கதை அல்ல.

சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்பியவர் கல்முனைக் களஞ்சியப் பொறுப்பாளர். அவர் ஒபரேட்டரை அழைத்துச் சொன்னது இது: “தங்கச்சி, இவங்க அனுப்புற சாமானப் பார்த்தா போன கிழமைக் கணக்க வச்சித்தான் ஏத்துறாங்க போலிருக்கு. ஒருக்காப் பாருங்க.”

“நானா, ஒவ்வொரு நாளும் போகுதுதானே, ஜொப் நோர்மலா முடிஞ்சிருக்கு” என்று ஒபரேட்டர் பதில் சொன்னார் (நானா என்றால் அண்ணன்). அவர் சொன்னது உண்மை. ஜொப் ஒவ்வோர் இரவும் ஒழுங்காகவே முடிந்திருந்தது. அப்புறம்தான் என்னை அழைத்தார்கள்.

அவுட்புட் கோப்பைத் திறந்து பார்த்தோம். முந்திய இரவின் பதிவு மட்டும் இருந்தது. இங்கே எஃப்டிபியின் பதிலெண்கள் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1985இல் வெளியான ஆர்எஃப்சி 959 என்ற வரையறையின்படி, சேர்வர் தரும் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும். முதல் இலக்கம் 2 என்றால் வேலை முடிந்தது, 3 என்றால் இன்னும் ஏதோ தரவேண்டும், 4 என்றால் தற்காலிகத் தோல்வி, 5 என்றால் அந்தக் கட்டளையை அப்படியே திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. எங்கள் பதிவில் முதலில் 220 இருந்தது: சேர்வர் தயார். அடுத்து 331, கடவுச்சொல் தேவை. அதற்கடுத்து 530, புகுபதிவு ஏற்கப்படவில்லை. அதன் பின்னும் நிரல் நிற்கவில்லை. இன்புட்டில் மிச்சமிருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறது. கோப்பை அனுப்பு என்ற கட்டளைக்கும் மறுப்பு. கடைசியாக வெளியேறு, அதற்கு மட்டும் 221, இணைப்பு முடிகிறது. அதாவது, முழுவதும் தோற்றுப்போன ஓர் இரவின் கடைசி வரி ஒரு வெற்றி எண். ஓடிப்போய்க் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும்.

இந்தக் கணினியின் எஃப்டிபி கட்டளை, புகுபதிவு தோற்றாலும் கோப்பு போகாவிட்டாலும் தன்னை அழைத்த நிரலுக்குப் பிழை என்று சொல்லாது. உரையாடலை நடத்தி முடிப்பது மட்டுமே அதன் பொறுப்பு. உரையாடலில் என்ன பேசப்பட்டது என்பதை வாசிப்பது அழைத்தவரின் பொறுப்பு. பிழையைப் பொருட்படுத்தாதே என்ற அந்தப் பொது வரி இல்லாமல் இருந்திருந்தாலும் இந்தத் தோல்வி தானாக வெளியே வந்திருக்காது. இந்த இயந்திரங்களுக்குப் புதிதாக வருபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

காரணம் எளியது. வழங்குநர் தங்கள் சேர்வரில் கடவுச்சொற்களுக்குக் காலாவதி வைத்திருந்தார்கள். அதற்கான அறிவித்தல், நிறுவனத்தை விட்டு எப்போதோ போய்விட்ட ஓர் உத்தியோகத்தரின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. மறுமுனையிலும் எச்சரிக்கை எழவில்லை. எங்கள் கோப்புக்கு ஒவ்வொரு நாளும் ஒரே பெயர். புதியது வராதபோது பழையது அதே இடத்தில் இருந்தது. அவர்களுடைய நிரல் அதையே இன்றைய இருப்பு என்று எடுத்துக்கொண்டது. களஞ்சியப் பொறுப்பாளர் சொன்னது அப்படியே சரி. ஒரு கிழமைக்கு மேலாக அவர்கள் பழைய கணக்கைத்தான் பார்த்திருந்தார்கள்.

சரியாக எந்த இரவிலிருந்து தவறியது என்பதை எங்கள் பக்கப் பதிவிலிருந்து சொல்ல முடியவில்லை, அது துடைக்கப்பட்டிருந்தது. கொழும்புச் சேர்வரில் பழைய கோப்பின் திகதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலை, அன்றைய கோப்பைப் புதிய கடவுச்சொல்லோடு கையால் அனுப்பி, மறுமுனையில் அளவைச் சரிபார்த்து, வழங்குநரின் திட்டமிடல் பிரிவோடு தொலைபேசியில் பேசுவது. தவறிய நாட்களின் விற்பனை விவரமும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாள் முடிவுக் கோப்புகள் கணினியின் நூலகத்தில் (கோப்புகளை வைக்கும் இடம்) பாதுகாக்கப்பட்டிருந்ததால் அது கடினமாக இருக்கவில்லை.

அதே நாளில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் வலையமைப்பில் அனுப்புகிறது. எங்கள் கணினியிலும் அந்தக் கடவுச்சொல் ஒரு மூலக் கோப்பில் எல்லோரும் வாசிக்கக்கூடியபடி கிடந்தது. புதிய கோப்புகளுக்குப் பொது அனுமதியாக மாற்றும் உரிமையையே கொடுப்பதுதான் இந்தக் கணினியின் வழமையான அமைப்பு. யாரும் அதை இறுக்கியிருக்கவில்லை. எனவே எஃப்டிபியை விட்டுவிட்டு உடனே எஸ்எஃப்டிபிக்கு (எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் முறை) போய்விடலாமே என்று கணக்காளர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் பொங்கலுக்கு முன் அதைச் செய்யவேண்டாம் என்று தீர்மானித்தோம். வழங்குநரின் பக்கத்திலும் அதற்கு வேலை இருந்தது. விற்பனை கூடிய நாட்களில் அனுப்பும் முறையையும் சோதிக்கும் முறையையும் ஒன்றாக மாற்றினால், அடுத்த தவறு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே கடவுச்சொல் இருந்த கோப்பின் பொது அனுமதியை மட்டும் அன்றே நீக்கினோம். இரவு ஜொப் ஓடும் பயனருக்கு மட்டும் வாசிக்கும் உரிமை.

அடுத்து, பதிலெண்களை வாசிக்கும் நிரல். எஃப்டிபி முடிந்ததும் அவுட்புட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறது. 230 வந்ததா, அதாவது புகுபதிவு ஏற்கப்பட்டதா? அனுப்பு என்ற கட்டளைக்குப் பின் 226 அல்லது 250 வந்ததா? 4இலோ 5இலோ தொடங்கும் பதில் ஏதும் உண்டா? 226, 250 இரண்டையும் ஏற்கவேண்டும், ஏனென்றால் கோப்பு முழுதாகச் சேர்ந்ததற்குச் சில சேர்வர்கள் 226 என்றும் சில 250 என்றும் பதில் தருகின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணை வரியின் தொடக்கத்தில் மட்டுமே தேடவேண்டும். வரியில் எங்கிருந்தாலும் பிடிக்கும்படி எழுதினால், அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கைக்குள் 226 என்ற இலக்கங்கள் தற்செயலாக வந்து, தோற்ற இரவை வென்றதாகக் காட்டிவிடும். அதோடு, பதிவை இனிமேல் துடைக்கக்கூடாது என்றும் முடிவெடுத்தோம். ஒவ்வோர் இரவுக்கும் அந்தக் கோப்புக்குள் திகதியின் பெயரில் தனி மெம்பர் (தனிப் பகுதி). பழையவை குறிப்பிட்ட காலம் கழித்து அழிக்கப்படும்.

ஓவர்ரைட்டுகள் பற்றியும் ஒன்று. அவை ஜொப் முழுவதும் நீடிக்கும்படி கொடுக்கப்பட்டிருந்தால், வேலை முடிந்ததும் நீக்கிவிடவேண்டும். இல்லையென்றால் பகலில் யாராவது இந்த நிரலைத் தன் திரையிலிருந்து ஓட்டிவிட்டு, அதே அமர்வில் வேறொரு எஃப்டிபியைக் கையால் தொடங்கும்போது, அது திரையில் ஒன்றும் காட்டாமல் பழைய இன்புட் வரிகளையே வாசித்து ஓடிவிடும்.

யாருக்குச் சொல்வது என்பதில்தான் கூடுதலாக யோசிக்கவேண்டியிருந்தது. தோல்வி என்றால் ஒபரேட்டரின் பொதுச் செய்திவரிசைக்கு அனுப்பினால் போதும் என்று முதலில் பேசப்பட்டது. அந்த வரிசையைப் பார்த்தோம். பிரின்டரில் தாள் மாற்றச் சொல்லும் செய்திகளே பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. அதற்குள் ஒரு வரி விழுந்தால் யார் காண்பார்கள்? ஆகவே கோப்பு அனுப்பலுக்கென்று தனிச் செய்திவரிசை ஒன்றை உருவாக்கினோம். காலையில் ஒபரேட்டர் உள்ளே வந்ததும் செய்தி திரையை இடைமறித்து நிற்கும்படி வைத்தோம்.

இதில் நான் விடாப்பிடியாக நின்றது ஒன்றில்: வெற்றியையும் சொல்லவேண்டும். தோல்வியை மட்டும் அறிவிக்கும் ஜொப், ஓடவே இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது. மின்சாரம் போய்க் கணினி நின்றிருக்கலாம்; யாரோ ஜொப் வரிசையைப் பிடித்து வைத்திருக்கலாம்; அட்டவணை நுழைவு நீக்கப்பட்டிருக்கலாம். எல்லாமே காலையில் ஒரே மாதிரி, எல்லாம் சரி என்பது போலத்தான் தெரியும். அதனால் சிறிய வரலாற்றுக் கோப்பு ஒன்றை வைத்தோம். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரி: திகதி, அனுப்பிய கோப்பிலுள்ள தரவுப் பதிவுகளின் எண்ணிக்கை, பைட்டுகள், கடைசி முக்கியப் பதிலெண், முடிவு. விடிகாலையில் வேறொரு ஜொப் எழுந்து, நேற்றிரவுக்கு வெற்றி வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் காரணம் எதுவானாலும் எச்சரிக்கும். வெற்றியானால் “நேற்றைய கோப்பு போய்ச் சேர்ந்தது, இத்தனை பதிவுகள்” என்று ஒரே ஒரு வரி ஒபரேட்டருக்கும் கணக்காளருக்கும் மின்னஞ்சலாகப் போகும்.

நேரத்தையும் மாற்றினோம். முன்பு நாள் முடிவு ஒரு ஜொப், அனுப்பல் கடிகாரத்தைப் பார்த்து ஓடும் இன்னொரு ஜொப். கணினி நின்றிருந்த வேளையில் ஓடவேண்டியிருந்த அட்டவணை ஜொப், கணினி மறுபடி எழுந்ததும் தானாக ஓடும். அதுதான் வழமையான அமைப்பு. அப்போது நாள் முடிவு ஓடியிருக்காவிட்டால் முந்திய நாளின் கோப்பே ஒழுங்காக, 226 பதிலோடு போய்ச் சேரும். மாரிகாலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இதை ஒதுக்கிவிட முடியாது. அனுப்பலை நாள் முடிவின் கடைசிப் படியாக்கினோம்; அது வெற்றியாக முடிந்தால் மட்டுமே அனுப்பல் தொடங்கும்.

எஸ்எஃப்டிபிக்கு மாறியது

பொங்கல் முடிந்து விற்பனை தணிந்த பின் இது நடந்தது. இந்தக் கணினியில் எஸ்எஃப்டிபியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச், தனிக் கட்டணமில்லாத ஐபிஎம் மென்பொருள் தொகுப்பொன்றின் பகுதியாகக் கிடைக்கிறது. இரவு ஜொப்புக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, கடவுச்சொல்லுக்குப் பதிலாக அவருக்கு ஒரு சாவி இணை (ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு மின்சாவிகள்) செய்தோம். பொதுச் சாவி வழங்குநரின் சேர்வருக்குப் போனது. தனிச் சாவி அந்தப் பயனரின் வீட்டு அடைவில், வேறு யாரும் வாசிக்க முடியாத அனுமதியோடு இருக்கிறது. அனுமதி தளர்வாக இருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்காது.

இரண்டு இடங்களில் தடுக்கிவிழ வாய்ப்பு இருந்தது. ஒன்று, ஒரு சேர்வரோடு முதன்முதலாக இணையும்போது, அதன் அடையாளச் சாவியை நம்பலாமா என்று எஸ்எஃப்டிபி கேட்கும். பின்னணியில் ஓடும் ஜொப்பில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை, இணைப்பு தோற்கும். எனவே முதல் இணைப்பை அதே பயனராக உள்ளே போய்க் கையால் செய்து, வழங்குநர் தந்த அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றோம். வேறு பயனராகச் செய்திருந்தால் பயனில்லை, ஏனென்றால் நம்பிய சேர்வர்களின் பட்டியல் ஒவ்வொரு பயனரின் வீட்டு அடைவிலும் தனித்தனி.

மற்றது எழுத்துக்குறியீடு. ஏஎஸ்400 தன் தரவை எப்சிடிக் என்ற ஐபிஎம் எழுத்துக்குறியீட்டில் வைத்திருக்கிறது. எஃப்டிபி உரைமுறையில் அனுப்பும்போது அதை மற்றக் கணினிகள் வாசிக்கும் ஆஸ்கிக்கு மாற்றிக் கொடுக்கும். எஸ்எஃப்டிபி அப்படி எதையும் மாற்றாது. இருக்கிற பைட்டுகளை அப்படியே அனுப்பும். முதல் சோதனைக் கோப்பு கொழும்பில் வாசிக்க முடியாத குப்பையாக விழுந்தது. அனுப்புவதற்கு முன் தரவை யூடிஎஃப்8 குறியீட்டில், காற்புள்ளி பிரித்த உரைக்கோப்பாக எழுதிவிடும்படி ஏற்றுமதிப் படியை மாற்றியதும் சரியானது. ஏஎஸ்400 குறைந்த இடத்தில் சுருக்கித் திணித்து வைக்கும் தசம எண்கள் அந்தப் படியிலேயே சாதாரண இலக்கங்களாகிவிடுவதால், அவை வழியில் சிதையும் பயமும் இல்லை.

எஃப்டிபியில் இல்லாத ஒரு நன்மை எஸ்எஃப்டிபியில் கிடைத்தது. கட்டளைக் கோப்பைக் கொடுத்து ஓட்டும்போது, ஒரு கட்டளை தோற்றாலே அது அங்கேயே நின்று, பூச்சியமல்லாத முடிவெண்ணோடு வெளியேறும். கியூஷெல் (இந்தக் கணினியின் யுனிக்ஸ் பாணிக் கட்டளைச் சூழல்) வழியாக அதை அழைக்கும்போது இரண்டு சூழல் மாறிகளை, அதாவது அது ஓடும் விதத்தை மாற்றும் அமைப்புகளை, வைத்தோம். ஒன்று, வெளியீட்டைத் திரைக்கு விடாமல் ஒரு கோப்புக்குத் திருப்புகிறது. மற்றது, முடிவெண் பூச்சியமல்லாவிட்டால் அழைத்த சிஎல் நிரலுக்குப் பிழைச் செய்தியாக எழுப்புகிறது. திரை முன்போலவே அமைதியாக இருக்கிறது. தோல்வி மட்டும் நிரலுக்குள் வந்து கதவைத் தட்டுகிறது. பழைய நிரலின் தலையில் இருந்த அந்தப் பொது வரியைப் புதியதில் எழுதவில்லை. எதிர்பார்க்கக்கூடிய பிழைகளை மட்டும் பெயர் சொல்லிப் பிடிக்கிறோம்.

கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதும் சேர்ந்த பின் உண்மைப் பெயருக்கு மாற்றும்படியும் செய்தோம். நடுவழியில் இணைப்பு அறுந்தால் பாதிக் கோப்பை அவர்களுடைய நிரல் எடுத்துக்கொள்ளக்கூடாது.

பின்னர் நடந்தவை

மாற்றத்திற்குப் பிறகும் கோப்பு போகாத இரவுகள் உண்டு. அடைமழையில் இணைய இணைப்பு விடியும்வரை இல்லாத ஓர் இரவு. வழங்குநரின் சேர்வரில் இடம் நிரம்பிய ஓர் இரவு. இரண்டையும் ஒபரேட்டர் காலையில் உள்ளே வந்ததுமே பார்த்து, லொறித் திட்டம் போடுவதற்கு முன் மறுபடி அனுப்பிவிட்டார். மறுபடி அனுப்புவதற்கென்று அவருக்கு மெனுவில் ஒரு தெரிவு உண்டு. என்னை அழைக்கவேண்டியிருக்கவில்லை. இதை ஒரு முக்கியமான பலனாகவே நான் பார்க்கிறேன், ஏனென்றால் வெளியாள் வந்து சேரும்வரை கல்முனையில் பால்மா காத்திருக்காது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. காலை வரியில் பதிவுகளின் எண்ணிக்கை வருவதால், கணக்காளர் அதை வாசிக்கத் தொடங்கினார். ஒரு நாள் எண்ணிக்கை வழமையைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு விசாரித்தபோது, அக்கரைப்பற்றின் பற்றுச்சீட்டுகள் நாள் முடிவுக்கு முன் ஏறவில்லை என்று தெரிந்தது. கோப்பு அனுப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அன்றே பிடிபட்டது.

மறுபடி செய்தால் மாற்றக்கூடியவை

கோப்பின் பெயரில் திகதியை முதல் நாளிலிருந்தே வைக்கவேண்டும். ஒரே பெயர் இல்லாமல் இருந்திருந்தால், மறுமுனை நிரலுக்குப் புதிய கோப்பு இல்லை என்று முதல் காலையிலேயே தெரிந்திருக்கும். வழங்குநரின் நிரலை மாற்றவேண்டியிருந்ததால் இதற்கு அவர்கள் சம்மதிக்கக் காலம் எடுத்தது. இப்போது கோப்பின் முதல் வரியிலும் திகதியும் பதிவு எண்ணிக்கையும் உண்டு. பழைய திகதியை அவர்களுடைய பக்கம் நிராகரிக்கிறது.

கடவுச்சொல் காலாவதி, சேர்வர் மாற்றம் போன்ற அறிவித்தல்கள் ஓர் ஆளின் முகவரிக்குப் போகாமல், பிரிவின் பொது முகவரிக்குப் போகவேண்டும் என்பது இப்போது ஒவ்வொரு வழங்குநருடனும் எழுத்தில் இருக்கிறது. தொடக்கத்திலேயே கேட்டிருக்கவேண்டிய விஷயம் இது, செலவும் இல்லை.

வழங்குநரிடமிருந்து ஏற்புக் கோப்பு ஒன்று திரும்பி வரவேண்டும் என்பதையும் கேட்டிருக்கிறோம். கோப்பு சேர்ந்தது என்று நாங்கள் சொல்வது சேர்வரின் பதிலை நம்பித்தான். அதை அவர்களுடைய நிரல் வாசித்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. இது இன்னும் நடக்கவில்லை.

நிறுவனத்தின் மற்ற இரு வழங்குநர்களுக்கு இன்னும் எஃப்டிபிதான் ஓடுகிறது; பதிலெண் சோதனையும் காலை வரியும் அவற்றுக்கும் போடப்பட்டுள்ளன. அவர்களில் ஒருவர் எஸ்எஃப்டிபிக்கு மாறச் சம்மதித்து, எங்கள் பொதுச் சாவியைப் பெற்றுக்கொண்டிருக்கிறார். மற்றவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை அந்தக் கடவுச்சொல்லின் காலாவதித் திகதி ஒபரேட்டரின் நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கிறது.